மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து நான் இறக்கிவிட்ட மனிதர்

தலைமை தாங்கும் வைத்தியர் நிலக்ஷி அவர்களே, சங்கப் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வியாகுலம் அண்ணனே, அவர் துணைவியார் ஜோசப்பின் அக்காவே, அனைவருக்கும் பஸ் கண்டக்டர் யோகேஸ்வரனின் தலை தாழ்ந்த வணக்கம்!

பாரிசவாதம், அதாவது பக்கவாதம் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? படித்தவனா? இல்லை. பார்த்தவன். பார்த்தும் பாராமல் போன பாவி!

வியாகுலம் அண்ணன் ஹட்டன் நகரத்துத் தையல்காரர்; குடியிருப்பது மஸ்கெலியாவில், தோட்டத்து லய வீட்டில். வயது நாற்பத்தெட்டு. மதுவைத் தொடாதவர். போன வைகாசியில், காலை ஏழரைக்கு மஸ்கெலியாவில் என் பஸ்ஸில் ஏறினார். சற்று நேரத்தில் கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவியது. வாய் கோணியது. சொல் குழறியது. நான் தாங்கிப் பிடித்தேனா? வைத்தியசாலைக்கு விடச் சொன்னேனா?

"என்ன அண்ணே, விடியக் காலையிலேயே போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

"எறங்குங்க அண்ணே, பொம்பளைங்க இருக்காங்க" என்று இழுத்துப்போய் பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தேன்.

சிரிக்காதீர்கள் தம்பிகளே! அன்று சிரித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

மதியம் ஒரு மணிக்குத் திரும்பினேன். அதே வாங்கில், உடை நனைந்து சரிந்து கிடந்தார். எத்தனை பஸ் கடந்திருக்கும்! எத்தனை பேர் ஒதுங்கி நடந்திருப்பார்கள்! குனிந்தேன். சாராய வாடையே இல்லை. அள்ளித் தூக்கி பஸ்ஸில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன்.

வைத்தியசாலையில் டாக்டர் கேட்டார்: "எத்தன மணிக்கு ஆரம்பிச்சது?"

"எட்டு மணிக்கு முந்தி, சேர்."

"நாலரை மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா, இரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசியப் பத்தி யோசிச்சிருக்கலாம். இப்ப நேரம் போயிருச்சு."

உயிர் இருக்கிறது. துணி வெட்டிய வலது கைக்கு உயிர் இல்லை. மனைவியை அழைக்கச் சொல் இல்லை.

ஜோசப்பின் அக்கா அன்று அழுதார்: "பிரஷர் மாத்திரைய மூணு மாசமா நிப்பாட்டிட்டாரு தம்பி. தலவலியே இல்ல, எதுக்குன்னாரு. நானும் விட்டுட்டேன்."

அக்கா, நீங்கள் விட்டது மாத்திரையை. நான் விட்டது மனிதனை!

என்ன அங்கே? "டவுன்காரங்க நோய்தானே?" என்கிறீர்களா? நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, கருவாட்டு உப்பு, சிகரெட், சாராயம், அளந்தே பார்க்காத பிரஷர், அளந்தே பார்க்காத இரத்தச் சீனி. இதில் எது டவுன்? எது தோட்டம்?

வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், குடிகாரன் என்று தீர்ப்பெழுதாதீர்கள்! குடித்தே இருந்தாலும் கொண்டுபோங்கள்! போதை தெளியட்டும் என்று வாயில் சோடா ஊற்றாதீர்கள். எப்போது ஆரம்பித்தது என்று மணியைப் பாருங்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்!

மன்னிப்புக் கேட்க அண்ணனின் லயத்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் இடது கையால் கதவைச் சாத்தினார். இன்று மண்டப வாசலில் அக்கா சொன்னார்: "அவரு ஒங்கள இன்னும் மன்னிக்கல தம்பி. நீங்க சொல்றத நாலு பேரு கேக்கட்டும்னுதான் வந்திருக்காரு."

மன்னிக்காமலே வந்த அண்ணனுக்கு என் நன்றி. வெளியே மேசையில் நர்ஸ் காத்திருக்கிறார். பிரஷர் பார்க்காமல் ஒருவரும் பஸ் ஏறாதீர்கள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.