மூடிக்குள் படிந்த ஈரம்

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. உருகிய தார் செருப்பில் ஒட்டுகிறது... சப், சப், சப். என் தோழியின் அக்கா அதில் தனியாக நடந்து போனாள். போர்வையை இழுக்காதீர்கள், கேளுங்கள்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். என்னை மாதிரி. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததை அவளுடைய அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த இடம்தான் திங்கட்கிழமையோடு போகவிருந்தது.

அவள் ஒரு கரிம அமிலம் தயாரித்திருந்தாள். கொதிநீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு... வெள்ளை ஊசிகளாகப் படிகம். இனி அது காய வேண்டும். அதற்கு டெசிகேட்டர் என்று ஒரு கனத்த கண்ணாடிப் பாத்திரம் உண்டு. அடியில் கிடக்கும் நீல மணிகள் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் ரோஸ் நிறமாகும். மேல்தட்டில் அமிலம். காற்றுப் புகாமல் இருக்க மூடி விளிம்பில் கிரீஸ். தினமும் எடுத்து நிறுக்க வேண்டும். எடை குறைந்து குறைந்து ஓரிடத்தில் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

அக்காவுடையது தினமும் ஏறியது.

அவளுடைய கைடு எல்லார் எதிரிலும் கேட்டார்: “கையக் கழுவிட்டுத்தானே தொடற? உங்க வீட்ல இதெல்லாம் யாரு சொல்லித் தந்திருக்கப் போறாங்க. திங்கக்கிழமை காயலைன்னா கெளம்பிடும்மா. எடத்துக்கு ஆள் நிக்குது.”

அந்த ‘ம்மா’வில் எவ்வளவு மரியாதை பார்த்தீர்களா.

என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடத்தான் அன்று வந்தாள். புது நீல மணிகள் போட்டாள். கிரீஸ் தடவி மூடினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்துவிட்ட அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பாத்திரத்தையா உனக்குக் குடுத்தாரு?”

“ஏன்ணா, ஓட்டையா?”

“ஓட்டையெல்லாம் இல்ல. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணோடது. எடை நிக்காம வெளிய வரக்கூடாதுன்னு அவள உள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவியோட உன் கைடு வெளியூர் போயிட்டாரு. கேஸ் கசிஞ்சிருக்கு. நான்தான் கதவ ஒடச்சேன், அதுக்குள்ள உசுரு போயிருச்சு. கதவுக் கண்ணாடி பூரா அவ மூச்சுதான்... ஈரமா.”

“அவர என்ன பண்ணாங்க?”

“துறைத் தலைவர் ஆக்கினாங்க.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சுடுதூசியும் கிரீஸும் கலந்த வாடை. பிறகு... மூடியின் உட்புறம், வட்டமாக ஓர் ஈரம். சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. கீழே மணிகள் ஒவ்வொன்றாக ரோஸ் ஆயின. விளிம்பில் மெல்ல, ஹ்... ஹ்...

ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அப்பாவிடமா?

மூடியில் வாய் படுமளவுக்குக் குனிந்தாள். “அக்கா... எனக்கும் வேற வழி இல்லக்கா. உனக்கு மூச்சுதானே வேணும்? என்னோடத எடுத்துக்க. இத மட்டும் காய விடு.”

வட்டம் அசையாமல் நின்றது... பிறகு மறைந்தது.

மறுநாள் எடை நின்றது. திரும்ப நிறுத்தார்கள், இம்மிகூட மாறவில்லை. உருகுநிலையும் சுத்தமான அமிலத்துக்கு உரியது, பிசிறே இல்லை. “பாத்தியா, திட்டினாத்தான் உங்களுக்கு வேலை ஓடுது” என்றார் கைடு. வெளிவந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

அக்கா இப்போது டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். போன வாரம் தங்கையைப் பார்க்க, நம் விடுதியின் இதே அறைக்கு வந்திருந்தாள். நல்ல குளிர். பேசப் பேச எங்கள் வாயிலெல்லாம் புகை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்காகப் பழக்கத்தில் ஹா என்று ஊதினாள்.

கண்ணாடி பளிச்சென்று அப்படியே இருந்தது.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் துடைத்து, மாட்டிக்கொண்டாள்.