எடுத்துப்போட்ட சத்தம்

மத்தியானம் இரண்டேகால் மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். ஊருக்கு வெளியே பழைய சாலை... ஒரு பக்கம் மூடிப்போன தொழிற்சாலையின் நீள மதில், மறுபக்கம் காலி மனைகள். ஈ காக்கை இல்லை. தார் உருகி நாறுகிறது. ஒரே ஒரு பைக் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

சிரிக்காதீர்கள். பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நான் சொல்லப்போவது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும், ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் கோரஸ் பாடின மாதிரிதான், நான் டிரம்ஸ் வாசித்த மாதிரிதான். இந்த ஒற்றை விளக்கைச் சுற்றி நெருங்கி உட்காருங்கள். கொஞ்ச நேரம் முன்னால் உங்களில் ஒருத்தி போனை அணைக்காமல் ரெக்கார்டிங் ரூமுக்குள்ளே போனதற்கு அந்த சவுண்டு இன்ஜினியர் அப்படிக் கத்தினாரே... அதைக் கேட்டதும்தான் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைத்தது.

எனக்கு நடந்ததல்ல. என்னோடு வாசிக்கிற கீபோர்டுக்காரனின் அக்காவுக்கு நடந்தது. அந்த பைக்கில் போனவன் அவன்தான்.

"அக்காவுக்கு என்னண்ணே ஆச்சு?"

"இரும்மா. வரிசையா சொல்றேன்."

அந்த அக்காவின் கணவர் ரெக்கார்டிங்காரர். சத்தமே இல்லாத இடம் வேண்டும் என்று தேடித் தேடி அந்தச் சாலையில் வீடு பிடித்தவர். பின்னறையைத் தன் கையாலேயே ஸ்டூடியோவாக மாற்றினார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கதவு. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. உள்ளே போனால் பசை வாடையும், காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதியும். நான் அங்கே கை வலிக்க டிரம்ஸ் அடித்திருக்கிறேன். வெளியே வந்தால், பத்தடி தள்ளிச் சமையலறையில் நிற்கிற அக்கா கேட்பாள்: "இன்னும் ஆரம்பிக்கலியா தம்பி?"

அப்படிப்பட்ட அறை. கதவைத் தட்டினாலும் கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் அக்கா போனிலிருந்து மெசேஜ் போடுவாள். அவருடைய கம்ப்யூட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் எழும்பும். 'சாப்பிட வரீங்களா?' ஒரே வீட்டுக்குள் இருக்கிற புருஷனைக் கூப்பிட இன்டர்நெட்! நாங்கள் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

அந்த 'டிங்'தான் வினையாகிவிட்டது.

ஒரு பெரிய பாடகர். பெயர் வேண்டாம். கடைசி வரியை உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கிறார். டிங். திரையில், 'கேஸ் தீர்ந்துபோச்சு.' பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டம்மா என்னைவிட நல்லா சுருதி சேர்றாங்களே!" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை. போன இடத்தில் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்ததுதான் மிச்சம்.

டிங் மட்டுமில்லை. இன்டர்நெட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும். புதுசாக எதையாவது இறக்கும், மெயில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் பதிவு ஒரு விக்கல் விக்கும். 'டிக்.' நமக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும். அந்த டிக் அவர் தூக்கத்தையே கெடுத்தது.

இதைத் தடுப்பது எப்படி என்று இன்டர்நெட்டிலேயே தேடிப் படித்தார். ஒன்று விடாமல் செய்தார். தானாக இறங்குவதை எல்லாம் நிறுத்தினார். மெயிலை மூடினார். மெசேஜ் வருகிற புரோகிராமையே தூக்கினார். வைஃபையை அணைத்தார். ஒயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டினார். புத்தி உள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். இவர் ஸ்க்ரூடிரைவர் எடுத்து கம்ப்யூட்டரைத் திறந்து, நகத்தளவு இருக்கிற வைஃபை கார்டைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். உட்காரும் முன் தன் போனையும் அணைத்துவிடுவார். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

உள்ளதைச் சொல்லவேண்டும். பலன் இருந்தது. அதற்கப்புறம் ஒரு டிக் வந்ததில்லை.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "அப்போ நான் உங்களை எப்படிங்க கூப்பிடறது?"

"கூப்பிடாதே. லைட் எரியற வரைக்கும் நான் வீட்லயே இல்லைன்னு நினைச்சுக்கோ."

"சரிங்க" என்றாளாம். எதிர்த்துப் பேசியே பழகாதவள்.

அன்றைக்கு உள்ளே நடந்தது ஒரு மெத்தை விளம்பரம். முப்பது வினாடி. அவரே கிட்டார் வாசித்து அவரே பதிவு செய்துகொண்டிருந்தார். நிம்மதியான தூக்கத்துக்கு இந்த மெத்தைதான் என்று முடியும். அந்தக் கண்றாவிக்குத்தான் இவ்வளவும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அன்று மத்தியானம் அடுப்பில் பால் வைத்திருக்கிறாள், மூச்சு பிடித்துக்கொண்டது. இன்ஹேலரை அமுக்கினால் காலி. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தால் விலாசம் சொல்லவேண்டும்... அவளுக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. ஸ்டூடியோ கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டா வைத்திருப்பார்? இல்லை. ஆனால் பஞ்சு வைத்த கனத்த கதவு. நல்ல உடம்போடு இருக்கிறவளே இரண்டு கையாலும் இழுக்கவேண்டும். அவள் தட்டினாள். அவர் போனுக்குப் பதினொரு மெசேஜ் போட்டாள். 'கதவைத் திறங்க.' 'கொஞ்சம் வாங்க.' ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. கடைசியாகத் தம்பிக்கு ஒன்று போட்டாள். தம்பி பார்த்த நிமிடமே பைக்கை எடுத்துவிட்டானாம். எங்களிடம் அப்படித்தான் சொன்னான்.

வாசல் திறந்து கிடந்தது. பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் தெருவரைக்கும். பைக்கைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினானாம்... சிவப்பு லைட் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே அக்கா. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. இரண்டு உள்ளங்கையும் தட்டித் தட்டிச் சிவந்து வீங்கியிருக்கின்றன.

இவன் அவளை நகர்த்திவிட்டுக் கதவை இழுத்துத் திறந்தான். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரில் குனிந்திருந்தார். யாரோ வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு நிமிஷம் இரு, என்று.

"ஐயோ..."

ஐயோதான். இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கீபோர்டுக்காரன் அந்த மனுஷனைத் திட்டாத நாள் இல்லை. ஒத்திகைக்கு வந்தால் அதே பேச்சு. வாய்க்கு வந்தபடி ஏசுவான், அப்புறம் அழுவான். அக்காவின் போனை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று இவனே எடுத்துக்கொண்டான். நாங்களும் சும்மா இருக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஸ்டூடியோவைத் தலைமுழுகினோம். கொலைகாரன் என்று நானே என் வாயால் நாலு பேரிடம் சொன்னேன். எவனும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றேன்.

ஒரு மாதம் கழித்து, அக்காவின் துணிமணிகளை எடுத்துவரக் கீபோர்டுக்காரன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். அதுவும் மத்தியானம்தான். அவர் தாடியும் அழுக்குச் சட்டையுமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும், "உட்காரு. ஒண்ணு கேளு" என்றாராம்.

"எனக்கு எதுவும் கேக்க வேண்டாம் மாமா. துணியை எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஒரே ஒரு தடவை."

அதே மெத்தை விளம்பரம். கம்பெனிக்காரன் வேகத்தை மாற்றச் சொன்னானாம், அதற்காகப் போன வாரம் புதிதாக வாசித்தது. கிட்டார் ஆரம்பித்தது... டிங்.

இவன் ஆணியைப் பார்த்தான். ஒயர் அங்கேயே தொங்குகிறது. டிராயரைத் திறந்து காட்டினார். வைஃபை கார்டு அங்கேயே கிடக்கிறது. டிங். போன் அணைந்திருக்கிறது. டிங்... டிங்... அந்த முப்பது வினாடிக்குள் பதினொன்று.

"எப்போ வாசிச்சாலும் வருது. எண்ணிப் பாத்துட்டேன், பதினொண்ணுதான்" என்றார். "நான் ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணி எடுத்துடறேன்."

அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. எந்தச் சத்தம் வேண்டாம் என்று குறித்துக் கொடுத்தால் போதும், பாட்டிலிருந்து அதை மட்டும் துடைத்து எடுத்துவிடும். அவரும் துடைத்து அனுப்பிவிட்டார். கம்பெனிக்காரன் அருமை என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

"எடுத்தது எங்க மாமா போகும்?"

"எங்கயும் போகாது. எடுத்ததை மட்டும் தனியாக் கேக்க ஒரு பட்டன் இருக்கு." மவுஸை அதன் மேல் கொண்டுபோனவர் கையை எடுத்துக்கொண்டாராம். "எனக்கு தைரியம் வரலை. நீ வந்தா சேர்ந்து கேக்கலாம்னுதான் இத்தனை நாளா..."

அமுக்கினார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொப்... தொப்... உள்ளங்கையால் மரத்தில் அடிக்கிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி மங்கலாக இல்லை. மைக்கை ஒட்டி. அப்புறம் மூச்சு. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு... கூடவே மெல்லிய விசில் மாதிரி. சின்ன வயதில் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி கேட்ட மூச்சு அது. பிறகு குரல். திணறவில்லை, அவசரப்படவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரியே பேசியது.

"தம்பி... பரவாயில்லடா. சாப்பிட்டுட்டே வா."

ரெக்கார்டிங்காரர் இவனைத் திரும்பிப் பார்த்தார். "என்னைக் கூப்பிடலை பாரு. உன்னைத்தான் கூப்பிடறா. எதுக்கு உன்னை சாப்பிடச் சொல்றா?"

"தெரியலை மாமா" என்றானாம் இவன்.

இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு, கீபோர்டுக்காரன் தன் போனை எடுத்துக் காட்டினான். அக்கா போட்ட மெசேஜ். 'தம்பி, கொஞ்சம் வர்றியா?' பக்கத்தில் நேரம்: ஒன்று பத்து. அவன் வீட்டில் இன்டர்நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. போட்ட நொடியே வந்து விழுந்திருக்கிறது. படித்தும் இருக்கிறான்.

"உன் வீட்லருந்து அங்க இருபது நிமிஷம்தானேடா?" என்றேன். "நீ ரெண்டேகாலுக்குத்தானே போய்ச் சேர்ந்தே?"

"தட்டுல சோறு போட்டு உக்காந்துட்டேன்டா" என்றான். "எப்பவும் ஃபேன் சுத்தலை, பல்பு மாத்தணும்னுதானே கூப்பிடுவா? இப்பவும் அப்படித்தான்னு நினைச்சேன். சாப்பிட்டேன்... கொஞ்ச நேரம் சாஞ்சேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. அவளுக்கு எப்படிடா தெரியும்?"

ஒரு மாதமாக இன்னொருத்தனைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. அதை இவனைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரைப் பார்த்துச் சொல்ல மட்டும் எப்படி வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அதோட முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

இல்லையாம். பாட்டு முப்பது வினாடி. ஆனால் அதிலிருந்து எடுத்த சத்தத்தின் நீளம் திரையில் அடியில் போட்டிருந்தது. ஒரு மணி ஐந்து நிமிடம். ரெக்கார்டிங்காரரால் தாங்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். இவன் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறான். குரல் மறுபடி வரவில்லை. மூச்சு மட்டும். போகப் போக நடுவில் இடைவெளி விட்டு விட்டு... ஒரு மணி ஒரு நிமிடத்தில் அதுவும் நின்றது.

பிறகு மூன்று நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் தூரத்தில் ஒரு பைக். மெதுவாகக் கிட்டே வருகிறது... நிற்கிறது... நிதானமாக ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்கிறது. செருப்புச் சத்தம். கூடவே சீழ்க்கை. எங்கள் குழுவில் வாசிக்கிற பாட்டுதான் அது. அவன் அடித்த சீழ்க்கைதான்.