ஒரே பெஞ்சில் எதிராளிகள்

— தள்ளி உக்காருங்கக்கா. எதிராளிங்க ஒரே பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னு என் வக்கீல் சொல்லியிருக்காரு.

— இருக்கறதே ஒரு பெஞ்சு. உன் வக்கீல் தலையிலயா போய் உக்கார? பஸ்ல மட்டும் துண்டு போட்டு எனக்கு இடம் பிடிச்சே?

— அது... முட்டி வலியோட நிப்பீங்களேன்னு.

— குத்தகை குடுக்காதவனுக்கு இந்தக் கரிசனம் ஒண்ணுதான் குறைச்சல்.

— ஆரம்பிச்சாச்சா?

— அறுப்பு முடிஞ்ச மறுநாளே மூட்டையக் கொண்டாந்து என் வாசல்ல இறக்கினவன் நீ. ரெண்டு போகமா ஆளே கண்ணுல படல. உன்னை யாருடா கெடுத்தா?

— யாரும் கெடுக்கல. அதான் பாக்கி கேட்டு கேஸ் போட்டுட்டீங்கல்ல... உள்ள அதிகாரிகிட்ட பேசிக்கறேன்.

— என்னன்னு பேசுவ?

— நான் குத்தகைக்காரனே இல்லம்பேன்.

— என்னது?

— கூலிக்கு உழுறவன். கிணத்தடி வயல் அக்காவோடது, பயிர் வைக்கறதும் அக்காதான்னு சொல்லிருவேன்.

— அடப்பாவி... எவ குடுத்தா உனக்குக் கூலி?

— மெதுவா... பியூன் பாக்கறாரு.

— பாக்கட்டும். கல்லு பொறுக்கினது நீ, வரப்பு கட்டினது நீ. பொண்டாட்டி கழுத்துல கிடந்தத வித்து மோட்டார் வச்சது நீ. இப்ப கூலிக்காரனாம்.

— நீங்க எதுக்குக்கா எனக்காகப் பேசறீங்க? நீங்க எதிராளி.

— வாய் தவறிடுச்சு. பாக்கிய விழுங்கிட்டு ஏப்பம் விடத்தானே இந்தப் பொய்?

— உங்க மூட்டை அத்தனையும் என் வீட்டுலதான் அடுக்கியிருக்கு. ஒரு பிடி கூடத் தொடல.

— அப்புறம் ஏன்டா...

— உங்ககிட்ட சட்டம் சொல்ற அளவுக்கு மேல நிலம் இருக்காம். மிச்சத்த உபரின்னு சர்க்கார்ல எடுத்துக்குவாங்களாம். குத்தகைக்கு விட்ட நிலத்துலதான் முதல்ல கை வைப்பாங்க, சொந்தமா பயிர் வச்சா விட்டுருவாங்கன்னு டீக்கடைக்காரர் சொன்னாரு. அதான் குத்தகைய நிறுத்திட்டேன்.

— டீக்கடைக்காரரு...

— விவரமானவரு.

— அவர் விவரத்துல தீய வைக்க.

— எனக்கென்னக்கா, கூலிக்கு உழுதாலும் அதே மண்ணுதான். உங்களுக்குத்தான் அந்த வயல விட்டா வேற யாரு இருக்கா...

— கிணத்தடி வயல் கேஸ்... ரெண்டு பேரும் உள்ள வாங்க.

— வந்துட்டோம் பியூன் சார், ஒரு நிமிஷம். தம்பி, இங்க பாரு. உபரிக்கு எந்த நிலத்த விடறீங்கன்னு அதிகாரி முன்னாடியே என்னைத்தான் கேட்டாரு. கிணத்தடி வயலத்தான் சொன்னேன்.

— நம்ம வயலையா? ஏங்க்கா... சும்மா கிடக்கற பாறைக்காட்டக் குடுத்திருக்கலாமே.

— பாறைக்காட்ட வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?

— நானா?

— பின்ன? உபரி நிலம் அத உழுற குத்தகைக்காரனுக்குத்தான் போகும். கூலிக்காரன்னு சொன்னியோ, எவனோ ஒருத்தனுக்குப் போயிடும். இத்தனை வருஷமா வாய்ப்பேச்சு தவிர நமக்குள்ள ஒரு துண்டுக் காகிதம் உண்டா? நீ குத்தகைக்காரன்னு நான் எத வச்சுக் காட்டுவேன்? அதான் பாக்கின்னு உன் மேல கேஸ் போட்டேன், தீர்ப்புக் காகிதத்துல குத்தகைக்காரன்னு உன் பேரு ஏறிடும்ல... இந்தா, என் முந்தானையில கண்ணத் தொடச்சுக்கோ. இப்படியே உள்ள போனா எவன் நம்புவான்? வா, வந்து என்னோட நல்லா சண்டை போடு.