நாற்பத்தொரு மீட்டர்

விடிகாலை நாலு நாற்பது. பொப்ராட் ஊரிலிருந்து மலைக்கு ஏறும் சாலை. ஜனவரி மாதம். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. பனி வாரும் லாரி போய் அரை மணி ஆகியிருக்கும், அதன் தடத்தின் மேல் மறுபடி பொடிப்பனி விழுந்திருந்தது. பழைய ஸ்கோடா கார். ஹீட்டரில் சூடான ரப்பர் நாற்றம். ஓட்டியவள் பெயர் யுடிதா. வேறு யாரும் வண்டியில் இல்லை. பக்கத்து இருக்கையில் இரண்டு பீப்பர்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று செத்துப்போன அவள் புருஷனுடையது.

அடுப்பை மறைக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன். என்னோடு படித்த ஓந்ரேயின் அக்காவுக்கு நடந்தது இது. ஓந்ரே பொய் சொல்கிறவன் இல்லை. அதற்கு வேண்டிய கற்பனை அவனுக்குக் கிடையாது.

பீப்பர் உங்களுக்குத் தெரியும். பனிமலைக்குப் போகும்போது நெஞ்சில் கட்டிக்கொள்கிற சோப்பு டப்பா. 'அனுப்பு' என்று வைத்தால் நீங்கள் இருக்கும் இடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பனிச்சரிவில் ஒருவன் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்களுடையதைத் 'தேடு' என்று மாற்றவேண்டும். அம்பு திசையைக் காட்டும். எண் தூரத்தைக் காட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும். வழிகாட்டி கமிலுக்கும் புரிந்திருக்கலாம், அவனுக்குத் தன் முகத்தைப் படம் பிடிப்பதிலிருந்து ஓய்வு கிடைத்திருந்தால்.

கமிலை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம். நல்ல உயரம், சுட்ட செங்கல் நிறம், சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். உறைந்த அருவிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது அவன் பிழைப்பு. காசு கொடுத்து வருகிறவர்களை அவன் 'மூட்டை' என்பான். முகத்துக்கு நேராகவே. இந்த மலைக்குடில்களுக்கு அறுபது கிலோ உருளைக்கிழங்கை முதுகில் சுமந்து வருகிறார்களே, அவர்கள்கூடத் தங்கள் மூட்டையைப் பற்றி இவ்வளவு கேவலமாகப் பேசமாட்டார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் யுடிதாவின் புருஷன் அவுரெல் இவனோடுதான் போனான். லெவோச்சாவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவன் அவுரெல். நாற்பதாவது பிறந்தநாள். இந்தப் பயணம் யுடிதா வாங்கிக்கொடுத்த பரிசு. அதை நினைவில் வையுங்கள்... அவள் வைத்திருந்தாள், தினமும்.

அன்று நாலு பேர் வருவதாக இருந்தது. ஒருவனுக்கு வயிறு சரியில்லை, குடிலிலேயே படுத்துவிட்டான். அவனுடைய பீப்பரைக் கமில் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அணைக்கவில்லை. குடில் வாசலில் ஒவ்வொருவரையும் வரிசையாக நடக்கவிட்டு, எல்லாருடைய பீப்பரும் ஓடுகிறதா என்று பார்ப்பார்களே, அதையும் அன்று செய்யவில்லை. வெளிச்சம் போய்விடுமாம், வீடியோ எடுக்கவேண்டுமாம்.

'பாதிரியின் தாடி' என்று அந்த அருவிக்குப் பெயர். அதன் அடியில் இருக்கிற சரிவின் பனி மதியம் பன்னிரண்டு பத்துக்கு இறங்கியது. அவுரெல் மட்டும் உள்ளே.

மிஞ்சிய இருவரும் தங்கள் பீப்பரைத் 'தேடு' என்று மாற்றினார்கள். அம்பு காட்டிய திசையில் ஓடினார்கள். அங்கே கமில் நின்றான். அவன் இடம் மாறினால் அம்பும் மாறியது. மறுபடி ஓடினார்கள். மறுபடி கமில். அவன் பையில் இருந்த பீப்பர்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் கத்தியது இது, இருவரும் பின்னால் யுடிதாவிடம் சொன்னது:

"எங்கிட்ட ஏன்டா வர்றீங்க, மூட்டைங்களா? நானா செத்துக் கெடக்கேன்?"

அவன் கையிலிருந்த கருவியிலோ அரை மீட்டர் என்றே காட்டியது. கோளாறு என்று அதைத் தூக்கி எறிந்தான். கடைசியில், பனிக்குள் விட்டுத் துழாவுகிற நீளக் கம்பியால் குத்திக் குத்தித்தான் அவுரெலைக் கண்டுபிடித்தார்கள். இருபத்தாறு நிமிடம். பதினைந்துக்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னார்.

எடுத்த ஆளின் பீப்பரை உடனே அணைக்கவேண்டும், அதுதான் விதி. கமில் அணைத்தான். விதிப்படி. பிறகு விசாரணையில், "அந்தாளு பீப்பரைப் போடவே இல்ல, முட்டாள்" என்று சொன்னான். யார் மறுப்பது? வாசலில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே. பையில் பீப்பர் ஓடியதைச் சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கிய அந்த வயிற்றுவலிக்காரன் மட்டும்தான் பார்த்தான். அவன் சொன்னதை விசாரணையில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஊர் முழுக்க அதே பேச்சு. ரொட்டி வாங்க வருகிறவர்கள்கூட, பாவம், ஒரு பொத்தானை அமுக்க மறந்து செத்தான் என்று உச்சுக்கொட்டினார்கள். அடக்கத்துக்குக் கமில் வரவில்லை. மலர்வளையம் அனுப்பினான், தன் நிறுவனத்தின் விளம்பர நாடா கட்டி.

அவன் வாயால் உண்மையைச் சொல்ல வைக்கவேண்டும். யுடிதாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் கமிலின் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்தாள். கமிலுக்கு அடையாளம் தெரியவில்லை. மூட்டையின் மனைவி முகத்தை யார் பார்த்து வைப்பார்கள்? இந்த ஜனவரிப் பயணத்தில் அவளோடு கூட வந்தவர் ஒருவர்தான், பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஹுபெர்ட் என்று ஒரு பல் மருத்துவர். புது ஜாக்கெட், விலைச்சீட்டை அறுத்த நூல் இன்னும் கழுத்தில் தொங்கியது.

குடிலில் பூண்டு சூப் குடித்தார்கள். கமில் கழிப்பறைக்குப் போனபோது யுடிதா அவன் பையைத் திறந்து, அவுரெலின் பீப்பரை 'அனுப்பு' என்று வைத்து, அடியில் செருகினாள். அவள் திட்டம் சின்னது. பயிற்சிக்கு எல்லாரும் தேடும்போது அம்புகள் அவனைக் காட்டும். அப்போது பையைத் திறந்து காட்டிக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

முதலில் அதே 'பாதிரியின் தாடி' அருவியில் ஏறினார்கள். நீல ஐஸ், உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம்... மருத்துவர் கோடரியால் அடித்த ஒவ்வொரு அடிக்கும் தட்டு தட்டாகப் பெயர்ந்து அவர் மூக்கில் விழுந்தது. மேலிருந்து கயிற்றைப் பிடித்திருந்த கமில் அவரை விடவில்லை.

"டாக்டரே, அது சொத்தைப் பல்லு இல்ல. மெதுவா."

மருத்துவர் பாவம் சிரித்தார். கீழிருந்து யுடிதா பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்ன மனிதன் கையிலா அவுரெலைக் கொடுத்தேன் என்று நினைத்தாள். வெறுப்புக்கூட அவனுக்கு அதிகம் என்று தோன்றியது.

இரண்டு மணிக்கு இறங்கினார்கள். காற்று நின்றிருந்தது. மைனஸ் பதினெட்டு. கமில் வேறொரு பீப்பரைச் சின்னத் துணிப்பையில் கட்டி, பக்கத்து ஊசியிலை மரத்தடியில், பன்னிரண்டு மீட்டரில் புதைத்துவிட்டு வந்தான். தேடுங்கள் என்றான்.

மருத்துவர் தேடினார். அம்பு மரத்தைக் காட்டவில்லை. கமிலையும் காட்டவில்லை... மேலே, சரிவைக் காட்டியது. நாற்பத்தொரு மீட்டர்.

கமில் சலிப்போடு தன் கருவியை எடுத்தான். அதிலும் நாற்பத்தொன்று. யுடிதாவுடையதிலும்.

பை அவன் முதுகில், அவளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அதற்குள் அவுரெலின் பீப்பர். மரத்தடியில் இன்னொன்று. அவற்றின் குரல் எந்தக் கருவிக்கும் கேட்கவில்லை. மூன்று அம்பும் அந்த வெறும் சரிவையே காட்டின. தடமே இல்லாத சரிவு. ஒரு முயல்கூட நடந்திருக்கவில்லை.

முப்பத்தெட்டு.

யாரும் நகரவில்லை. முப்பத்து மூன்று... இருபத்தாறு. பீப்... பீப்... இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குளிரில் எதற்கும் வாசனை இருக்காது. ஆனால் ஈரக் கம்பளி நாறியது. அதனோடு சீமைச் சீரகம். அவுரெல் மாவில் போடுவானே, அது.

பதினொன்று. ஆறு. பனியின் மேல்தோல் அசையவில்லை. அதற்கு அடியில் ஏதோ வந்துகொண்டிருந்தது.

கமிலின் காலுக்கு முன்னால் வந்து நின்றது எண். ஒன்று புள்ளி ஐந்து.

பழக்கதோஷம்தான், வேறென்ன. யோசிக்காமல் கம்பியை எடுத்து நீட்டி மாட்டினான், குத்தினான். பாறையில் பட்டால் 'டங்' என்னும். மண்ணில் பட்டால் நிற்கும். மனித உடம்பில் பட்டால் சத்தமே வராது, கையை மெல்லப் பின்னால் தள்ளும். தள்ளியது.

பிறகு இழுத்தது.

கம்பியில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு உண்டு. ஒவ்வொரு கோடாகப் பனிக்குள் போனது. மெதுவாக, அவசரமே இல்லாமல். கமில் குனிந்தான், மண்டியிட்டான். கையை எடுக்கவேண்டியதுதானே? எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லையோ என்னவோ. அவன் தொண்டையிலிருந்து நாய்க்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது.

யுடிதா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அவுரெலோட பீப்பர் ஓடிச்சா, ஓடலையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்தான்.

"ஓடிச்சு... ஓடிச்சுங்க. நான்தான் அணைச்சேன். எம் பையில இருந்ததுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கே தெரியும் எனக்கு."

கம்பி நின்றது. அவன் கை முழங்கை வரை பனிக்குள் இருந்தது. மூன்று கருவியிலும் எண் மறைந்தது. ஒரு நொடி கழித்து அம்புகள் திரும்பி, ஒழுங்குப் பிள்ளைகள் போல, கமிலின் பையைக் காட்டின.

கமில் ஓடினான். கயிறு, கோடரி, கட்டணம் கொடுத்த இரண்டு மூட்டை... எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினான். யாராவது கிடக்கலாம் என்று தோண்டியது அந்தப் பல் மருத்துவர்தான். பழக்கமில்லாத கையால், அழுதுகொண்டே, புல் தெரியும் வரை தோண்டினார். ஒன்றும் இல்லை. கமில் சொன்னதையெல்லாம் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கமிலின் உரிமம் போயிற்று. இப்போது வெந்நீர்க் குளம் ஒன்றில் வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக்கொடுக்கிறானாம். அதையாவது உலர்ந்த துண்டாகப் பார்த்துக் கொடுக்கிறானோ என்னவோ.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ரொட்டிக்கடையில் உச்சுக்கொட்டல் நின்றது. மன்னிப்புக் கேட்டுச் சிலர் கேக் வாங்கினார்கள், அதிலும் தள்ளுபடி கேட்டார்கள்.

மார்ச் மாதம் ஓந்ரே அக்காவைப் பார்க்கப் போனான். சமையலறை மேசையில் அவளுடைய பீப்பர், 'தேடு' என்று வைத்தபடி. முப்பது மீட்டர் என்று காட்டியது. பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது மலைக்குப் போகிறவனாக இருப்பான் என்று இவன் சொன்னான். ஏப்ரலில் பதினாலு. மே மாதம் போனபோது மூன்று.

அக்கா பயப்படவில்லை, அதுதான் ஓந்ரேயைப் பயமுறுத்தியது. அவுரெல் கோபத்தில் வரவில்லை என்றாளாம். அருவியிலிருந்து அறுபது கிலோமீட்டர், மண்ணுக்குள்ளேயே வரவேண்டும், நாள் ஆகத்தானே செய்யும் என்றாளாம். ஊர் மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பூந்தொட்டியில் போட்டிருந்தாள்.

ஓந்ரே கருவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். எண் ஏறியது. வீட்டுக்குக் கீழே இருந்த மாவுக் கிடங்குக்கு இறங்கினான். குறைந்தது. ஒன்று புள்ளி இரண்டு. சைபர் புள்ளி ஒன்பது. செங்கல் பாவிய தரை. ஒன்றுமே இல்லை என்று அக்காவுக்குக் காட்டவேண்டும், அதற்காகத்தான் நாலு செங்கலைப் பெயர்த்தான். காய்ந்த மணல். இன்னும் ஒரு சாண் தோண்டினான்.

பனிக்கடியில் உயிரோடு கிடப்பவன் மூச்சு விடுவான் அல்லவா? அந்தச் சூட்டில் வாய்க்கு எதிரே பனி உருகும், உடனே உறையும், உருகும், உறையும். கிண்ணம் மாதிரி ஒரு ஐஸ் ஓடு உண்டாகும். ஆளை எடுக்கும்போது மீட்புக்காரர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அது இருந்தால் அவன் கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்தான் என்று பொருள்.

மே மாதம். வெளியே ஆப்பிள் மரம் பூத்திருந்தது. காய்ந்த மணலுக்குள் அப்படி ஒரு ஐஸ் ஓடு கவிழ்ந்து கிடந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. ஓந்ரே எடுத்துத் திருப்பினான்.

உள்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.