தங்கி வாழ்பவர்

பிள்ளைகளே, எங்கள் கிராம அதிகாரியான விதானையாரின் கந்தோரில் நிவாரண அட்டைக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண்.

"குடும்பத் தலைவர் ஆர், பிள்ளை?" என்று விதானையார் கேட்டார்.

"நான்தான் ஐயா. அவர் செத்துப்போனார்."

"வீட்டிலை வேறை ஆம்பிளையள்?"

"மாமா. பாரிசவாதம், எழும்பமாட்டார். நான்தான் சாப்பாடு தீத்தி, குளிப்பாட்டிப் பாக்கிறன்."

"அப்ப அவர்தான் தலைவர். உம்மை அவரிலை தங்கி வாழுறவ எண்டு பதியிறன்."

எனக்குப் பின்னால் நின்றவள் சிரித்தாள்: "கிழவர் உன்னை நல்லாய்ப் பாக்கிறாரோடி?"

"தலைவர் கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி அட்டை இல்லை," என்றார் விதானையார்.

"வைப்பார் ஐயா. பேனையையும் நான்தான் பிடிக்கவேணும், அவரின்ரை கையையும் நான்தான் பிடிக்கவேணும்."

"அதுக்கென்ன பிள்ளை, கையெழுத்து ஆம்பிளையின்ரையாய் இருந்தாச் சரி."