எல்லாரும் மேரி

பில்பீம்: ...அதெல்லாம் இருக்கட்டும் சமையக்காரம்மா. மரகதப் பதக்கத்த எடுத்துட்டு ஓடுன வேலைக்காரப் பொண்ணு பேரு என்ன?

ட்ரான்டரம்மா: மேரி.

பில்பீம்: எஜமானியம்மாவும் அதான் சொன்னாங்க. பொறந்தப்ப வச்ச பேரு?

ட்ரான்டரம்மா: அத யாரு கேட்டா? இந்த வீட்டுல மாடி வேலைக்கு வர்றவ எல்லாம் மேரிதான். போன மேரிக்கு இருமல் வந்துச்சு, புது மேரி வந்தா. எஜமானியம்மாவுக்கு நாக்கு சுளுக்கிடக் கூடாதில்ல!

பில்பீம்: லண்டன்ல மேரின்னு தேடுனா...

ட்ரான்டரம்மா: ஜன்னலத் தொறந்து ஒரு சத்தம் குடுங்க போலீஸ்காரரே, தெருவே எட்டிப்பாக்கும். அடையாளம் எதுவும் சொல்லலியா?

பில்பீம்: வெள்ளைத் தொப்பி, கறுப்பு கவுன்.

ட்ரான்டரம்மா: மூஞ்சி?

பில்பீம்: கவனிச்சதில்லையாம்.

ட்ரான்டரம்மா: அப்போ வேலை சுலபம். தொப்பியும் கவுனும் கொடியில காயுது. விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போங்க!

பில்பீம்: நக்கலா? சின்னப் பொண்ணுன்னு பாக்க மாட்டாங்கம்மா. சிக்குனா ஜெயிலுதான்.

ட்ரான்டரம்மா: அவ எடுத்தத யாரு பாத்தா? குதிரைப் பந்தயத்துல தோத்துட்டு மொகத்தத் தொங்கப்போட்டிருந்த சின்ன எஜமான், இன்னைக்குச் சீட்டியடிச்சுக்கிட்டே போறாரு. அவரு பையத் தடவுனீங்களா?

பில்பீம்: அவரு கனவான்மா...

ட்ரான்டரம்மா: ஆமாமா. கனவான் பைன்னா போலீஸ் கை உள்ள போகாது.

பில்பீம்: ...மூலையில உருளைக்கிழங்கு சீவுறாளே, அது யாரு?

ட்ரான்டரம்மா: எங்கக்கா மக, கெசையா. காது மந்தம். ஊருலருந்து இப்பத்தான்...

பில்பீம்: மேரி!

கெசையா: இதோ வந்துட்டேங்கம்மா!

ட்ரான்டரம்மா: அடிப் பாவி... ஐயா, அந்தப் பேரச் சொன்னா நானே திரும்புவேன். நானும் இங்க மேரியா இருந்தவதான்... அவ எடுக்கலய்யா. சத்தியமா எடுக்கல.

கெசையா: என் பேரு கெசையாதாங்க. அது மட்டும் பொய்யில்லீங்க.

பில்பீம்: நல்ல பேரு. தொலைச்சிடாத. எங்கம்மா செத்தப்ப, வேலை பாத்த வீட்டு எஜமானி பெரிய மனசு பண்ணி கல்லறைக்குக் கல்லு வச்சாங்க. அதுல மேரின்னு வெட்டியிருக்கு. எங்கம்மா பேரு ஜெமைமா... பின்வாசலுக்கு நான் காவல் போடல, கெசையா. ஓடு.