ஆதம்பாக்கம் பீரோவில் இருந்த டிஸ்க்

மனு விசாரணையில் பதிவு செய்த வாக்குமூலம். நாள்: 17.06.2025. நேரம்: காலை 11.30 மணி.

பெயர் கரீமுல்லா, வயது 54, தகப்பனார் பெயர் இனாயத். மயிலாப்பூரில் குளத்துக்கு அடுத்த சந்தில் நூர் போட்டோ ஸ்டூடியோ என்ற கடையை இருபத்தாறு வருடமாக நடத்திக்கொண்டு, கடையின் பின்கட்டிலேயே தனியாகக் குடியிருந்து வருகிறேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் எஸ்தர் என்பவர், தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விசேஷத்தின் படங்களைக் கொடுக்காமல் நான் ஐந்து மாதமாக அலைக்கழிப்பதாகக் காவல் நிலையத்தில் மனு கொடுத்ததன் பேரில் என்னை அழைத்து விசாரித்தார்கள். யாருடைய மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வது பின்வருமாறு.

என் கடையில் எடுத்த படங்கள் எல்லாம், சுமார் இரண்டு லட்சத்துக்கு மேல், கம்ப்யூட்டரில் இருக்கும். அது போக ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, இரண்டிலும் அதே படங்களை ஏற்றி, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் என் தங்கை ஷாகிராவின் வீட்டுப் பீரோவிலும் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், புதுப் படங்கள் ஏற்றிய டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, அங்கிருந்த பழையதை எடுத்து வந்து அதில் புதியவற்றை ஏற்றுவேன். டிஸ்க்கின் மேல் வெள்ளை டேப் ஒட்டி தேதி எழுதுவேன். கடைக்கு எது வந்தாலும் படத்துக்கு ஒன்றும் வராது என்று எல்லா வாடிக்கையாளர்களிடமும் பெருமையாகச் சொல்வது என் வழக்கம். எஸ்தரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்படி ஒன்பது வருடம் தவறாமல் செய்தேன். அதன் பிறகு 20.02.2022 அன்று ஷாகிராவின் மகன் ஆசிஃப் என்பவருக்கு நிக்காஹ் நடந்தது. அதற்குப் படம் எடுக்க என்னைக் கேட்கவில்லை. வேளச்சேரியில் அவருடன் வேலை பார்க்கும் யாரோ நான்கு பேர் கழுத்தில் இரண்டிரண்டு கேமராவோடு வந்து நின்றார்கள். ஊரில் எத்தனையோ பேர் கல்யாணத்தை எடுத்தவன், சொந்தத் தங்கை மகன் கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு ஆதம்பாக்கம் போகவில்லை. ஷாகிரா போன் செய்தால் எடுக்கவில்லை. ஆசிஃப் ஒருநாள் கடைக்கே வந்து, “மாமா, எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தித் தரேன், நீ அலைய வேணாம்” என்றார். என் படத்தை ஆகாயத்தில் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு ரோஷம் அதிகம் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை.

அதன் பிறகு 08.05.2022 அன்று எஸ்தரின் மகள் ஜெனிஷாவின் புதுநன்மையைப் படம் எடுத்தேன். ஜெனிஷாவுக்கு அப்போது வயது ஒன்பது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போகும் அவருடைய தகப்பனார் ஜான்சன் அன்று கரையில் இருந்தார். மாதா கோவில் படியில் மூன்று பேரையும் நிறுத்தி, அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்தேன். பிறகு ஜான்சன் மகளைத் தூக்கினார். கடல் காற்றில் அந்தப் பெண்ணின் வெள்ளை முக்காடு பறந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதை எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆல்பத்துக்கான படங்களைப் பொறுக்கிக் கொடுக்க ஜான்சன் வருவதாகச் சொல்லியிருந்தார். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதால் இன்று நாளை என்று தள்ளிப்போனது. அந்த ஆகஸ்ட் மாதம் அவர் படகிலிருந்து தவறி விழுந்து காலமானார். எஸ்தர் நாற்பது நாள் கழித்துக் கடைக்கு வந்தார். படங்களை எடுத்துக் காட்டவா என்று கேட்டேன். அதற்கு அவர், “இப்போ பாக்கத் தெம்பு இல்ல பாய். உங்களாண்டயே கெடக்கட்டும். தெம்பு வந்தா நானே வந்து கேக்குறேன்” என்றார். நான் சரி என்று சொல்லி வாங்கிவைத்துக்கொண்டது மாதிரிதான் அது. வேறு யாரும் என்னை நம்பி அப்படி ஒன்றை விட்டுப்போனதில்லை.

அதன் பிறகு 04.12.2023 அன்று புயல் மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நான் கேமராக்களையும் லென்ஸ்களையும் பரணில் ஏற்றினேன். மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் ஏற்றவில்லை. ஏற்ற நேரம் இருந்தது. ஆதம்பாக்கத்தில் ஒன்று இருக்கிறதே என்ற தைரியம்தான் காரணம். தண்ணீர் வடிந்ததும் இரண்டையும் ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் காட்டினேன். எதையும் மீட்க முடியாது என்றார்கள். கேமராவில் போடும் கார்டுகளை அழித்து அழித்து வேறு விசேஷங்களுக்குப் பயன்படுத்திவிட்டதால் அதிலும் இல்லை.

அப்போதும் நான் ஆதம்பாக்கம் போகவில்லை. அந்த டிஸ்க்கைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று விரல்விட்டு எண்ணியிருந்தாலே தெரிந்திருக்கும். நான் வேண்டுமென்றேதான் எண்ணவில்லை.

அதன் பிறகு இந்த வருடம் ஜனவரி மாதம் எஸ்தர் ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்து படங்களைக் கேட்டார். வீட்டில் மாட்டியிருப்பது மீனவர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம் என்றும், அவர்கள் போன் ஜான்சனோடு கடலில் போய்விட்டதால் வேறு படம் இல்லை என்றும், அப்பா சிரித்தால் எப்படி இருப்பார் என்பது மறந்துபோகிறது என்று மகள் அழுவதாகவும் சொன்னார். படங்கள் தங்கை வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, அடுத்த வாரம் வாங்கி வருகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் அதையே சொன்னேன். இரண்டு தடவை அவர் மீன் கூடையோடு சந்து முனையில் வருவதைப் பார்த்துக் கடையை மூடிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நிலையத்திலிருந்து போன் வந்த பிறகு 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கம் போனேன். ஷாகிரா கதவைத் திறந்ததும் நேராகப் போய்ப் பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்தார். தூசி இல்லை. “மாசாமாசம் மொத வெள்ளிக்கெழம எடுத்துத் தொடச்சு வெச்சிக்கினு கீறேன். நீதான் வரல” என்றார். டேப்பில் என் கையெழுத்தில் 04.02.2022 என்று இருந்தது. புதுநன்மைக்கு மூன்று மாதம் முந்தைய தேதி.

அதன் பிறகு நிக்காஹ் விஷயத்தை நானாகவே கேட்டேன். ஷாகிரா சொன்னது: “எல்லார் கல்யாணத்துலயும் நின்னுக்கினே கெடந்த. எங்க வூட்டுக் கல்யாணத்துலயாவது தாய்மாமனா ஒக்காந்து சாப்டுவேன்னுதான் வேற ஆள வெச்சோம்.” மூன்று வருடத்துக்கு மேல் நான் முறுக்கிக்கொண்டு நடந்தது இதற்காகத்தான். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அன்றும் நேற்றும் அங்கேயே தங்கி, ஆசிஃபும் நானும் அந்த டிஸ்க்கில் பட்டினப்பாக்கம் விசேஷங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 2021 நவம்பரில் நடந்த ஒரு கல்யாணத்தின் பந்திப் படத்தில், ஓரத்தில், ஜான்சன் மடியில் மகளை வைத்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பரிமாறுபவரின் சாம்பார் வாளி அவர் தோளை மறைக்கிறது. கேமரா அசைந்ததில் படம் கொஞ்சம் கலங்கியும் இருக்கிறது. அது வேண்டாம் என்று அன்றைக்கே நான் சிவப்புக் குறி போட்டு ஒதுக்கிய படம். அழிக்க மறந்திருந்தேன்.

அந்த ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு இன்று நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். புதுநன்மைப் படங்கள் என்னிடம் இல்லை, ஐந்து மாதமாகச் சொன்னது பொய் என்பதை உதவி ஆய்வாளர் முன்னிலையில் எஸ்தரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படத்தை வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “இதுக்கு இன்னொண்ணு எங்கனா வெச்சிக்கீறியா பாய்?” என்று கேட்டார்.

ஆதம்பாக்கம் பீரோவில் டிஸ்க்கோடு இன்னொரு பிரிண்ட் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நிலையத்துப் போனிலிருந்து ஷாகிராவைக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லி, இருக்கிறது என்று அவர் வாயாலேயே எஸ்தரிடம் சொல்ல வைத்தேன்.

மேற்கண்ட வாக்குமூலம் நான் சொல்லச் சொல்ல எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. இதில் ஒரு நகல் எஸ்தருக்குக் கொடுக்கப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

(ஒப்பம்) இ. கரீமுல்லா